கேசட் காப்பாற்றிய பேய்கள்

1982 ஜூன் 25 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ஜான் கார்ப்பெண்டரின் 'தி திங்', விமர்சகர்களிடம் பலத்த அடி வாங்கியது. அண்டார்டிகா முகாம் ஒன்றில் புகுந்து, எவருடைய உருவத்தையும் எடுத்துக்கொள்ளும் வேற்றுக்கிரக உயிரின் கதை அது. இரண்டே வாரங்களுக்கு முன்புதான் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வேற்றுக்கிரகவாசியைக் குழந்தைகளின் தோழனாக்கியிருந்தது. அந்தக் கோடையில் கார்ப்பெண்டரின் கொடூரத்தைப் பார்க்க ஆள் சேரவில்லை.

இன்று அதே படத்தைத் திகில் சினிமாவின் சிகரங்களில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள். டேவிட் வீனர் 2019-ல் எடுத்த 'இன் சர்ச் ஆஃப் டார்க்னஸ்' ஆவணப்படத்துக்குக் கிடைத்த வரவேற்பே அதற்குச் சான்று. ரசிகர்களிடம் பணம் திரட்டி எடுத்த அந்தப் படம், 1980 முதல் 1989 வரை வந்த திகில் படங்களை ஆண்டுவாரியாக எடுத்துப் பேசுகிறது. நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அப்படியும் பல படங்களைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது என்ற குறை நியாயமானதே. ஆனால் அந்தப் படங்களை உருவாக்கியவர்களே வந்து பேசுகிறார்கள். 'ரீ-அனிமேட்டர்' இயக்குநர் ஸ்டூவர்ட் கோர்டன் மறு ஆண்டே காலமானார். இத்தகைய பதிவுகளின் அருமை அப்போதுதான் உறைக்கிறது.

அந்தப் பத்தாண்டின் உண்மையான நாயகர்கள் ஒப்பனைக் கலைஞர்கள். கணினி வரைகலை கைகொடுக்காத காலம். ரப்பரும் ஜெலட்டினும்தான் சதை; கம்பியும் காற்றுப் பைகளும்தான் அசைவு. 'தி திங்' படத்தின் உருமாற்றங்களைச் செய்தபோது ராப் பாட்டின் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். ஓராண்டுக்கும் மேலாக ஸ்டுடியோவிலேயே உழன்று, முடிவில் உடல் தளர்ந்து மருத்துவமனையில் சேர்ந்தார். அவருடைய குரு ரிக் பேக்கர், 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தில் மனிதன் ஓநாயாக மாறுவதை இருட்டில் ஒளிக்காமல், நல்ல வெளிச்சத்தில் காட்டினார். ஒப்பனைக்கென ஆஸ்கர் தனிப் பிரிவு தொடங்கியதும் முதல் விருது அவருக்கே போனது.

இந்த உழைப்பைத் திரையரங்கம் மதித்ததைவிட வீட்டு வீடியோ அதிகம் மதித்தது. வாடகைக் கடைகள் பெருகியபோது, அலமாரியை நிரப்பப் படங்கள் தேவைப்பட்டன. அரங்கில் தோற்றவற்றுக்கும் சின்னக் கம்பெனிகள் எடுத்தவற்றுக்கும் அங்கே இடம் கிடைத்தது. இளைஞர்கள் கேசட்டை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, அந்தத் தலை எப்படிப் பிளந்தது என்று ஆராய்ந்தார்கள். 'தி திங்' மறுவாழ்வு பெற்றது இப்படித்தான்.

சாம் ரெய்மியின் 'தி ஈவில் டெட்' இன்னும் எளிய பிறப்பு. டென்னஸியில் ஒரு பாழடைந்த மரவீடு, கையில் கொஞ்சம் பணம், நண்பர்கள். காட்டுக்குள் பேய் பாய்ந்து வருவதைக் காட்ட, பலகையில் கேமராவைப் பொருத்தி, இரு முனையையும் ஆட்கள் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். 1983-ல் பிரிட்டனில் அதிகம் பார்க்கப்பட்ட வீடியோக்களில் அதுவும் ஒன்று.

அங்கேதான் சிக்கல் வெடித்தது. வீடியோவுக்குக் கட்டாயத் தணிக்கை அப்போது அந்நாட்டில் கிடையாது. பத்திரிகைகள் கொந்தளித்தன, ஒழுக்கப் பிரச்சாரகர் மேரி வைட்ஹவுஸ் போர்க்கொடி தூக்கினார். ஆபாச வெளியீட்டுச் சட்டத்தின் பேரில் காவல்துறை கடைகளில் புகுந்து கேசட்டுகளை அள்ளியது. அரசு வழக்குத் துறையின் பட்டியலில் வெவ்வேறு காலங்களில் மொத்தம் 72 படங்கள் இடம்பெற்றன. 1984-ல் வந்த புதிய சட்டம் வீடியோக்களுக்குத் தணிக்கைச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. படம் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்ற அச்சத்தில், கலை எது, குப்பை எது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமையை ஒரு நாடே இழந்தது. 'தி ஈவில் டெட்' ஒரு வெட்டும் இல்லாமல் அங்கே சான்றிதழ் பெற்றது 2001-ல்தான்.