யாருடைய சுவரில் ஒட்டுகிறோம்?

கடந்த ஆண்டு ஒரு முதுகலை மாணவி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் உண்மை அறியும் குழு ஒரு கிராமத்துக்குப் போய் வந்திருந்தது. திருவிழாவில் பறையடிக்க மறுத்ததற்காகச் சேரிக்குத் தண்ணீரை நிறுத்திய ஊர் அது. அந்த அறிக்கை தன் ஆய்வேட்டுக்கு வேண்டும் என்றார். "எங்கள் இணையதளத்தில் இருக்குமே" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத் தேடினோம். இணையதளமே இல்லை. ஒரு திட்ட நிதியில் வெளியாட்களை வைத்துக் கட்டிய தளம். திட்டம் முடிந்ததும் டொமைனைப் புதுப்பிக்க யாருக்கும் நினைவு வரவில்லை. இப்போது அந்த முகவரியில் யாரோ செருப்பு விற்கிறார்கள்.

முகநூல் பக்கத்தில் அன்றைய படங்கள் இருந்தன. எந்த ஊர், எந்த நாள் என்ற குறிப்பு இல்லை. ஒரு பென் டிரைவில் மூலக்கோப்பு கிடைத்தது. அது பாமினி எழுத்துருவில் அடித்தது, திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டியது. கடைசியில் வழக்கை நடத்திய வழக்கறிஞரின் கட்டில் இருந்த ஜெராக்ஸ் பிரதியைத்தான் அவருக்குக் கொடுத்தோம்.

தவறு எங்களுடையதுதான். ஆனால் அன்றிரவு நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இது நமக்குப் பழைய கதை என்பதும் உறைத்தது. நம் முன்னோர் எழுதாமல் இருந்ததில்லை. எழுதியது யாருடைய அலமாரியில் தங்கியது என்பதுதான் கேள்வியாக இருந்திருக்கிறது.

இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதையே தலைப்பில் வைத்து ஏழாண்டுகள் நடத்தினார். இன்று அதன் இதழ்கள் முழுத் தொகுதியாக ஓரிடத்தில் கிடைப்பதில்லை. அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு பெயர் 'தமிழன்' ஆனது. 1914-இல் அவர் இறக்கும்வரை அதில் எழுதிக்கொண்டே இருந்தார். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் படித்தார்கள், ரங்கூனில் படித்தார்கள். வாசகர்கள் சந்தேகம் கேட்டு எழுதுவார்கள், அவர் அச்சிலேயே விடை சொல்வார். கிளைச் சங்கங்களின் கூட்டச் செய்தியும் அதே தாளில் வரும். சமூக வலைத்தளம் என்று நாம் இன்று சொல்வதில் பாதி வேலையை நான்கு பக்கத் தாள் ஒன்று செய்திருக்கிறது.

அதன் பிறகு அவரைத் தமிழ்நாட்டின் அறிவுலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வந்த பிறகே நம் தலைமுறை அவரைப் படித்தது. அதற்கு அடிப்படையாக இருந்தவை அன்பு பொன்னோவியம் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்த பழைய இதழ்கள். பல்கலைக்கழகமும் அரசு நூலகமும் செய்யாததை ஒரு தனிமனிதர் தன் வீட்டில் செய்தார். அந்த வீட்டில் ஒரு முறை கரையான் புகுந்திருந்தால் நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அம்பேத்கருக்கு இந்தச் சிக்கல் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' வந்தது. கோலாப்பூர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். இதழ் வரப்போகிறது என்று காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டும் திலகரின் 'கேசரி' மறுத்துவிட்டது. 1927 மார்ச் 20 அன்று மகாட் சவுதார் குளத்தில் மக்கள் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். இரண்டே வாரத்தில், ஏப்ரல் 3 அன்று, 'பகிஷ்கிருத பாரத்' வெளிவந்தது. நடந்ததை மற்றவர்கள் எப்படி எழுதுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். பெரும்பகுதியை அவரே எழுதி நிரப்பினார்.

இதைவிட நேரடியான பாடம் 1936-இல் நடந்தது. லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் அவரை மாநாட்டுத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்துவிட்டுச் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்றார். மாநாடே ரத்தானது. மேடை போனது, உரை போகவில்லை. சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார், இரண்டு மாதத்தில் தீர்ந்தது. தமிழில் 'குடி அரசு' வழியாக நம் ஊர்களுக்கு வந்தது. மேடை கொடுப்பவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடும் என்பதை முகநூல் பிறப்பதற்கு அறுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் அனுபவித்துவிட்டார்.

இனி நம் காலம். 2001-இல் டர்பனில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில் சாதியைப் பேசவைக்கத் தலித் அமைப்புகள் போராடியபோது மின்னஞ்சல்தான் ஆயுதம். பல நாடுகளில் இருந்தவர்களை அது இணைத்தது. ஆனால் அன்றைய இணையதளம் என்பது பெரும்பாலும் ஒரு துண்டறிக்கை. ஒரு வரி மாற்ற வேண்டுமானாலும் ஹெச்.டி.எம்.எல். தெரிந்த ஒருவரைத் தேடிப் போக வேண்டும். அதனால் தளங்கள் நன்கொடையாளருக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆண்டுக்கு ஒரு முறை தூசு தட்டப்பட்டன. சேரியிலிருந்து வந்த களப்பணியாளர் அதில் ஒரு சொல்லும் எழுதியிருக்க மாட்டார்.

இதை மாற்றியவை உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள், சுருக்கமாகச் சி.எம்.எஸ். 2001-இல் ட்ரூபல் வந்தது, 2003-இல் வேர்ட்பிரஸ், 2005-இல் ஜூம்லா. எல்லாமே கட்டற்ற மென்பொருள், விலை கிடையாது. கடிதம் தட்டச்சு செய்யத் தெரிந்தவர் கட்டுரையை ஏற்றலாம். தேதி தானாக விழும். வகை பிரிக்கலாம், பழையதைத் தேடலாம், ஒவ்வொரு கட்டுரைக்கும் மாறாத முகவரி இருக்கும். இதோடு யூனிகோடும் வந்து சேர்ந்தது. அதுவரை பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் அடித்ததை இன்னொருவர் படிக்க முடியாது, தேடுபொறிக்கோ அது தமிழென்றே தெரியாது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல்தான். அதற்குள் பத்துப் பதினைந்து ஆண்டு அறிக்கைகளை நம் அமைப்புகள் பழைய எழுத்துருக்களில் அடித்துக் குவித்திருந்தன. 1997-இல் புனித பாண்டியன் ஆசிரியராக இருந்து தொடங்கிய 'தலித் முரசு' கட்டுரைகளைக் கீற்று தளம் இணையத்தில் ஏற்றியதால்தான் நம் மாணவர்கள் பலர் அவற்றைக் கைப்பேசியில் படிக்கிறார்கள்.

சி.எம்.எஸ். என்றதும் அது சாதி பார்க்காத கருவி என்று நினைத்துவிட வேண்டாம். வேர்ட்பிரஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 'பங்களிப்பாளர்' எழுதலாம், வெளியிட முடியாது. 'தொகுப்பாளர்' மற்றவர் எழுதியதையும் திருத்தலாம், நீக்கலாம். எங்கள் புதிய தளத்தில் ஆறு மாதம் கழித்துப் பட்டியலைப் பார்த்தோம். ஊர் ஊராகப் போய் வழக்குகளைக் கொண்டுவரும் பெண்கள் அனைவரும் பங்களிப்பாளர்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பட்டதாரி ஆண்கள் அனைவரும் தொகுப்பாளர்கள். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அந்தப் பெண்கள் எழுதிய பேச்சுத் தமிழை நாங்கள் 'திருத்தி', தண்ணீர்த் தொட்டிச் சண்டையைச் 'சமூகப் பதற்றம்' ஆக்கி வைத்திருந்தோம். சமூகவியல் படித்தவர்கள் வெட்கப்பட வேண்டிய இடம். மாற்றிவிட்டோம்.

சமூக வலைத்தளங்களின் வலிமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2006 செப்டம்பர் 29 அன்று கயர்லாஞ்சியில் பய்யாலால் போத்மாங்கேயின் மனைவி சுரேகாவும் மூன்று பிள்ளைகளும் கொல்லப்பட்டபோது தேசிய ஊடகங்கள் விழிக்க வாரக்கணக்கில் ஆனது. அதற்குள் உண்மை அறியும் அறிக்கைகளும் படங்களும் மின்னஞ்சல்களிலும் வலைப்பூக்களிலும் சுற்றிக்கொண்டிருந்தன. பத்தாண்டு கழித்து, 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் ஊனா அருகே செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அடித்தவர்களே அதைப் படம் பிடித்துப் பரப்பினார்கள். அவர்கள் பெருமைக்காகப் போட்ட காணொளியே அவர்களுக்கு எதிரான சாட்சியானது. ஆகஸ்டில் அகமதாபாத்திலிருந்து ஊனாவுக்கு மக்கள் நடந்தார்கள். 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தபோது ஏப்ரல் 2 முழு அடைப்புக்கு ஒரே தலைவரோ ஒரே கட்சியோ இல்லை. வாட்ஸ்அப்பும் முகநூலும் செய்தியைக் கொண்டுபோயின. பலர் உயிரிழந்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 18ஏ பிரிவைச் சேர்த்தது.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. பஞ்சாபில் கைப்பேசி இணையத்தை நிறுத்தினார்கள். மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் கதவு சாத்தப்படுகிறது. இது அரசின் கதவு. நிறுவனத்தின் கதவு வேறு. 2018 நவம்பரில் ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சி பார்ப்பனிய ஆணாதிக்கத்தை நொறுக்கச் சொல்லும் பதாகையைப் பிடித்து நின்றார், எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனத்தின் தரப்பிலிருந்து மன்னிப்பு வந்தது. அடுத்த நவம்பரில் திலீப் மண்டலின் கணக்கு முடக்கப்பட்டதை எதிர்த்து, நீலக்குறி யாருக்குக் கிடைக்கிறது யாருக்குக் கிடைக்கவில்லை என்று நம்மவர்கள் அதே ட்விட்டரில் கேள்வி கேட்டார்கள். அடுத்தவர் சுவரில் ஒட்டும் சுவரொட்டியின் நிலை ஊர்த்தெருவில் நமக்குத் தெரிந்ததுதான். காலையில் ஒட்டினால் மாலையில் கிழிந்திருக்கும். ஒட்டாமல் இருக்க முடியுமா? ஒட்டத்தான் வேண்டும். ஆனால் சுவரொட்டியின் மூலப்படி நம் கையில் இருக்க வேண்டும்.

ரோஹித் வெமுலாவைப் பாருங்கள். 2016 ஜனவரி 17-க்குப் பிறகு அவருடைய கடைசிக் கடிதம் நாடு முழுவதும் போனது முகநூலில்தான். அவர் ஆண்டுக்கணக்கில் முகநூலில் எழுதியவை பின்னர் ஆங்கிலத்தில் புத்தகமாகத் தொகுக்கப்பட்டன. அந்த உழைப்பு நடக்காவிட்டால் அவரது சிந்தனை கோடிக்கணக்கான பதிவுகளுக்கு அடியில் புதைந்திருக்கும். மாறாக, 2015-இல் தலித் பெண்கள் முன்னின்று தொடங்கிய தலித் வரலாற்று மாதம் இரண்டையும் சேர்த்தே யோசித்தது. ஏப்ரல் முழுவதும் நாளுக்கொரு பதிவு சமூக வலைத்தளத்தில் போகும், அவை ஒரு காலவரிசையில் நிலையாகத் தங்கும். தெருவில் கத்தினார்கள், வீட்டில் எழுதியும் வைத்தார்கள்.

எங்கள் அமைப்பில் இப்போது வழக்கம் இதுதான். அறிக்கை முதலில் எங்கள் தளத்தில் ஏறும். ஊர், வட்டம், நாள், முதல் தகவல் அறிக்கை எண், சட்டப் பிரிவு எல்லாம் எழுத்தாகவே இருக்கும், வெறும் படமாக அல்ல. அந்த முகவரியைத்தான் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பகிர்கிறோம். டொமைன் அமைப்பின் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஆண்டுக்கு ஆயிரம் சொச்சம் ரூபாயைத் திட்ட நிதியில் வைக்காமல் உறுப்பினர் சந்தாவிலிருந்து கட்டுகிறோம். கடவுச்சொல் மூன்று பேரிடம் இருக்கிறது, அதில் இருவர் களப்பணியாளர்கள். மாதம் ஒரு முறை முழுத் தளத்தையும் ஏற்றுமதி செய்து வெளியே ஒரு வட்டில் வைக்கிறோம்.

ஏற்றாதவையும் உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம், குழந்தையென்றால் போக்சோவின் 23-ஆம் பிரிவு. கோபத்தில் பகிரப்படும் படங்கள் பலமுறை இதை மீறுகின்றன, நம்மவர்கள் பகிர்வது உட்பட. சட்டம் இல்லாவிட்டாலும், அடிபட்ட உடலின் படம் ஊரில் அந்தக் குடும்பத்தை எப்படிப் பின்தொடர்கிறது என்று பார்த்திருக்கிறோம். சாட்சிகள் பெயரையும் வழக்கு முடியும்வரை தளத்தில் போடுவதில்லை.

பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை நடக்கிறது. மாற்றி மென்பொருள் இருக்கிறது, ஆனால் எண்களும் ஊர்ப் பெயர்களும் சில இடங்களில் சிதைகின்றன. ஒவ்வொன்றையும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை மதியங்களில் மூன்று கல்லூரி மாணவர்கள் வந்து உட்காருகிறார்கள். ஒருவர் வாசிப்பார், ஒருவர் திரையைப் பார்ப்பார். அந்தத் தண்ணீர் அறிக்கை சென்ற மாதம் ஏறிவிட்டது. வாசித்த மாணவர் பாதியில் நிறுத்தி, "இது எங்க பெரியம்மா ஊரு" என்றார்.