வளரும் தாடையும் மாற்றுப் பல்லும்: திருவனந்தபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மாற்றுப் பல்லின் வரலாற்றை ரப்பர், அக்ரிலிக், டைட்டானியம் என்று பொருள்களின் வரிசையாகச் சொல்வது வழக்கம். பதின்வயதினரைப் பொறுத்தவரை அது போதாது. வளரும் தாடையில் எதை எப்போது வைக்கக் கூடாது என்பதைப் பல் மருத்துவம் மெல்ல மெல்லக் கற்ற கதை அது.

பிறவியிலேயே பல் முளைக்காத நிலைக்குப் பழைய சான்று இத்துணைக்கண்டத்திலேயே உண்டு. சிந்துப் பகுதியின் ஒரு குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு மிகச் சில பற்களே இருந்ததையும், பெண்கள் தாம் பாதிக்கப்படாமல் மகன்களுக்கு அதைக் கடத்தியதையும் டார்வின் 1875இல் பதிவு செய்தார். அதற்குக் காரணமான மரபணு 1996இல்தான் அடையாளம் காணப்பட்டது. இவ்வளவு கடுமையான நிலை அரிது. ஞானப்பல்லை விட்டுவிட்டால், கீழ்த்தாடை இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லும் மேல்வரிசைப் பக்கவாட்டு வெட்டுப்பல்லும் இல்லாத பிள்ளைகளே மிகுதி. விழுந்து அடிபட்டு முன்பல்லை இழப்பவர்கள் தனி.

இப்பிள்ளைகள் வைத்தியம் தேடிப் போன இடத்தையும் பார்க்க வேண்டும். குமரி மாவட்டம் 1956இல் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆனாலும் பெரிய வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போகும் வழக்கம் அங்கே விட்டுப்போகவில்லை. சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்வி 1953இல் தொடங்கியது என்றாலும், நாகர்கோவில்காரருக்கு அது ஒரு முழு இரவுப் பயணம். 1959இல் திருவனந்தபுரத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1979இல் நாகர்கோவில் ரயில் பாதையும் வந்தது. தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கி மருத்துவக் கல்லூரிக்குப் பஸ் ஏறும் கூட்டத்தில் இன்றும் தமிழ் கேட்கும்.

அந்தத் தொடக்க ஆண்டுகளில் பல் மருத்துவத்தின் கையில் இருந்த வழிகள் இரண்டு. 1930களின் இறுதியில் பரவிய அக்ரிலிக்கில் செய்த, கழற்றி மாட்டும் பல்செட் ஒன்று. தாடை வளர வளர அதை மாற்ற வேண்டும். இருபக்கப் பற்களையும் ராவிக் கட்டும் பிரிட்ஜ் மற்றொன்று. பதின்வயதில் பல்லின் உள்ளறை பெரியது, நரம்பு மேற்பரப்புக்கு அருகில் இருக்கும். இல்லாத ஒரு பல்லுக்காக நல்ல பற்கள் இரண்டைக் காவு கொடுப்பது சரியான வைத்தியம் என்று ஏற்க முடியவில்லை.

இதற்கு மாற்று, பசையில் பிறந்தது. பல் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் இறுகப் பிடிக்கும் என்று ஆய்வாளர் புவனகோர் 1955இல் காட்டினார். 1973இல் பல் மருத்துவர் ரோஷெட், மாற்றுப் பல்லைத் தாங்கும் உலோகச் சிறகைப் பக்கத்துப் பற்களில் ஒட்டினார். 1980களின் தொடக்கத்தில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தார் அதைச் செம்மைப்படுத்தினர். இரு சிறகுகளில் ஒன்று மட்டும் விடுபட்டால் அதனடியில் சொத்தை மறைந்து வளரும் என்பதால், முன்பல்லுக்கு இப்போது ஒற்றைச் சிறகையே பலர் விரும்புகிறார்கள்.

ஆய்வாளர் பிரோனெமார்க் 1965இல் முதல் நோயாளிக்குத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் இம்பிளாண்ட் பொருத்தினார். 1982 டொரான்டோ மாநாட்டுக்குப் பிறகு அது உலகெங்கும் பரவியது. பிள்ளைகளிடம்தான் அது சரிவரவில்லை. இயற்கைப் பல்லைச் சுற்றி மெல்லிய நார்த்திசு உண்டு. தாடை வளரும்போது பல்லும் கூடவே நகரும். இம்பிளாண்ட் எலும்போடு ஒட்டி, வைத்த இடத்திலேயே நின்றுவிடும். பக்கத்துப் பற்கள் இறங்க, அது மேலே தங்கி, சிரித்தால் குட்டையாகத் தெரியும். 1995இல் சுவீடனின் யான்ஷோபிங்கில் கூடிய வல்லுநர்கள், வளர்ச்சி முடியும்வரை பொதுவாகக் காத்திருக்கவே சொன்னார்கள். 18 நிறைந்துவிட்டது என்பது போதாது. இடைவெளி விட்டு எடுத்த எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும். பற்கள் பெரும்பாலும் இல்லாத பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடையின் முன்பகுதி மட்டும் விதிவிலக்கு.

என் பார்வையில் உரிய கவனம் பெறாதது நார்வேயில் வளர்ந்த முறை. ஸ்லாக்ஸ்வோல்டும் பியெர்க்கேவும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், வேர் முழுதாக வளராத முன்கடைவாய்ப்பல்லையே எடுத்து இல்லாத இடத்தில் நட்டிருந்தார்கள். நட்ட பல் தாடையோடு சேர்ந்து வளரும். கம்பி கட்டி இடைவெளியையே மூடுவதும் உண்டு. கோரைப்பல்லை முன்னே நகர்த்தி வடிவம் திருத்துவார்கள். பிறகு மாற்றுப் பல்லே தேவைப்படாது.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் 12, 13 வயதிலேயே கம்பி கட்டுபவர், குழந்தைப் பல் மருத்துவர், செயற்கைப் பல் நிபுணர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிட வேண்டும். ஆனால் அரசுத் திட்டங்களில் இந்தத் தொடர்ச்சி இல்லை. பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கிய தேசியத் திட்டம் 18 வயதோடு நிற்கிறது. ஏழை முதியவர்களுக்கு இலவசப் பல்செட் தரும் கேரளத்தின் மந்தஹாசம் திட்டம் 60 வயதில் தொடங்குகிறது. இம்பிளாண்டுக்குத் தாடை தயாராவதோ பெரும்பாலும் 18க்குப் பிறகு. பதின்வயதில் தொடங்கிய சிகிச்சை 20ஐத் தாண்டி முடியும்வரை, அதே நோயாளியை அரசு கைவிடாமல் தொடர ஒரு விதி வேண்டும்.