எதிர்த் திசையில் வரும் படகு

1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி, அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்துக்குள் இரட்டைப் பாய்மரக் கப்பல் ஒன்று நுழைந்தது. நீளம் ஏறத்தாழ 90 அடி. வேப்பமரத்தால் ஆனது. அதைக் கட்டியவர்கள் வடஇலங்கையின் வல்வெட்டித்துறைக் கடற்கரை மேத்திரிமார். ஓட்டிச் சென்றவர்களிலும் அந்த ஊர்க் கடலோடிகள் இருந்தார்கள். நீரில் இறங்கியபோது அதற்கு அன்னபூரணி அம்மாள் என்று பெயர். குளோஸ்டரில் நங்கூரம் போட்டபோது புளோரன்ஸ் சி. றொபின்சன்.

இப்போது எனக்கு ஒரு படகு எதிர்த் திசையில் வந்துகொண்டிருக்கிறது. கனடாவிலிருக்கும் மகள் வாங்கி அனுப்பிய பாய் கட்டிய கயாக். பிளாஸ்ரிக் உடல், மடித்து வைக்கக்கூடிய பாய், இரண்டு பக்கமும் சிறு மிதவைகள். கப்பலில் கொன்ரெயினருக்குள் கொழும்புக்கு வந்து, சுங்கம் கடந்து, லொறியில் வன்னியிலுள்ள எங்கள் வட்டக்கச்சிக்கு வரவேண்டும். வாழ்நாள் முழுவதும் பள்ளிக்கூடத்தில் மரவேலை படிப்பித்தவன் நான். சீவுளியும் உளியும் எனக்குப் பழக்கம். பாய் பிடிக்கத் தெரியாது. இனித்தான் பழக வேண்டும்.

வட்டக்கச்சியில் இருப்பவனுக்குப் படகு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊர் நெல்லும் வாய்க்காலுமான ஊர். கனகராயன் ஆற்றை மறித்து 1920களின் தொடக்கத்தில் கட்டி முடித்த இரணைமடுக் குளம்தான் எங்களுக்குத் தண்ணீர் தருகிறது. 1950களில் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பாவின் ஊர், வல்வெட்டித்துறை இருக்கும் வடமராட்சி. காடு வெட்டி, வரம்பு கட்டி, மாடு வளர்த்தவர் அவர். ஆனாலும் காற்று மாறினால் முற்றத்தில் நின்று அதன் பெயரைச் சொல்லிவிடுவார். வாடை, கொண்டல், சோளகம், கச்சான். வயலுக்கு அந்தப் பெயர்கள் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அவருக்குத் தேவைப்பட்டன. கடலோரத்தில் பிறந்தவர் அல்லவா!

கடனீரேரியும் எங்களுக்கு அந்நியமில்லை. 1990களின் முற்பகுதியில் போரினால் ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடப்பட்டபோது வன்னிக்கும் குடாநாட்டுக்கும் இடையே கிளாலிக் கடனீரேரிதான் வழி. இருட்டியபின் புறப்படுவார்கள். பல வள்ளங்களைக் கயிற்றால் ஒன்றோடொன்று தொடுத்து, முன்னால் ஒரு இயந்திரப் படகு இழுத்துப் போகும். வெளிச்சம் காட்டக்கூடாது. பிள்ளை அழுதால் தாய் வாயைப் பொத்துவாள். அந்தத் தண்ணீரில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நானும் அப்படிக் கடந்தவன். அந்தக் கடனீரேரியைப் பகல் வெளிச்சத்தில், இயந்திரச் சத்தமில்லாமல், காற்றை மட்டும் நம்பி ஒருமுறையாவது கடக்க வேண்டும் என்பதே என் ஆசை. மகளிடம் சொன்னேன். அவள் படகை அனுப்பிவிட்டாள்.

வந்து சேரும்வரை என்ன செய்வது? வடபகுதியில் பாய்க்கப்பல் கட்டிய காலத்தைத் தேடத் தொடங்கினேன். படித்தேன், வடமராட்சி உறவுக்காரர்களைக் கேட்டேன். தேடத் தேட ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அத்திலாந்திக்கைக் கடந்து போகக்கூடிய கப்பலைக் கட்டிய கைகள் எப்படி ஓய்ந்தன?

வல்வெட்டித்துறையில் பெரிய துறைமுகமோ கப்பல்துறையோ இருக்கவில்லை. மணற்கரையும், ஆழம் குறைந்த கடலும், வெளியே பாறையும்தான். அந்தக் கரையில் நிழல்பந்தல் போட்டு, தரையிலேயே ஏரா வைத்துக் கப்பல் கட்டினார்கள். ஏரா என்பது கப்பலின் முதுகெலும்பு. அதில் வங்குகளை நிறுத்தி, வெளியே பலகை பொருத்துவார்கள். உப்புத்தண்ணீரில் உளுக்காத மரம் என்பதால் வேம்பையும் இலுப்பையையும் விரும்பினார்கள். வங்குக்கு இயற்கையாகவே வளைந்த கிளை வேண்டும். அதைத் தேடி வளவு வளவாகத் திரிந்து, நிற்கும் மரத்தையே பார்த்து அளவு சொல்லும் மேத்திரிமார் இருந்தார்கள். மரவேலை படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நேர்ப்பலகையை வளைப்பதைவிட வளைந்து வளர்ந்த மரத்தைக் கண்டுபிடிப்பது பெரிய கல்வி. அப்படிப்பட்ட மரத்தில் நார் முறியாது. அதன் பலம் வேறு.

பலகைக்கும் பலகைக்கும் இடையிலான நீக்கலில் பஞ்சோ கயிற்றுநாரோ திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவதைக் கலப்பற்று என்பார்கள். அதற்கென்று தனி ஆட்கள் இருந்தார்கள். கயிறு திரிப்பவர், பாய் தைப்பவர், இரும்பு ஆணி அடிக்கும் கொல்லர், நங்கூரம் செய்பவர் என ஒரு கப்பலைச் சுற்றி ஒரு ஊரே வேலை செய்தது. கட்டி முடிய மாதங்கள் ஆகும், சிலவேளை வருடம் தாண்டும். அதுவரை கப்பல்காரர் பணத்தைத் தவணை தவணையாகத் தந்து காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் இத்தனை குடும்பங்களின் அடுப்பு எரிந்தது.

காத்திருப்பு கடலிலும் உண்டு. சோளகம் மே மாதமளவில் எழும்பிச் செப்ரெம்பர்வரை வீசும். மாரி தொடங்கியபின் வாடை. எந்தக் காற்றில் பர்மாவுக்குப் போவது, எந்தக் காற்றில் அரிசியும் தேக்கும் ஏற்றிக்கொண்டு திரும்புவது, எந்தக் காற்றில் புகையிலையோடு மலையாளக் கரைக்கு ஓடுவது என்பதெல்லாம் கப்பலை நடத்தும் தண்டையல்மாரின் கணக்கு. காற்று வராவிட்டால் துறையில் கிடக்கத்தான் வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் காற்றின் பெயரைச் சொல்லியே நாட்களை எண்ணினார்கள். அப்பா முற்றத்தில் நின்று காற்றுக்குப் பெயர் சொன்னதன் வேர் அங்கேதான் இருக்கிறது என்று இப்போது விளங்குகிறது.

அன்னபூரணி அம்மாளை 1930இல் கட்டியவர் சுந்தரம் மேத்திரியார் என்று வல்வெட்டித்துறையில் இன்றும் பெயர் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். சில ஆண்டுகள் சரக்கு ஏற்றி ஓடிய கப்பல் அது. வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் 1930களின் நடுவில் அதை வாங்கினார். அவர் சாதாரண வாடிக்கையாளரல்ல. 1928இல் புறப்பட்டு 1931இல் திரும்பி, ஸ்வாப் என்ற 32 அடிப் பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர். உலகக் கடல்களில் எத்தனையோ வகைப் படகுகளைப் பார்த்த ஒருவர், கப்பல் கட்டுவதற்குப் பெயர்போன தன் நாட்டிலே வாங்காமல் நம் கரையில் நின்ற வேப்பமரக் கப்பலைத் தெரிவு செய்தார். மேத்திரியாருக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறு எவரும் கொடுத்திருக்க முடியாது. தன் மனைவி புளோரன்ஸ் கிரேனின் பெயரைக் கப்பலுக்கு வைத்தார் றொபின்சன்.

1937இல் கப்பல் புறப்பட்டது. தண்டையல் தம்பிப்பிள்ளையும் ஊர்க்காரர் சிலரும் அதில் போனார்கள். செங்கடலேறிச் சுயஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடல், பிறகு ஜிப்ரால்ரர், அத்திலாந்திக், பெர்முடா. வங்காள விரிகுடாவின் பருவக்காற்றுகளில் பழகியவர்களுக்கு அத்திலாந்திக்கின் குளிரும் அலையும் வேறு. ஆனால் பாய்க்கயிறு கையில் இழுக்கும் இழுவை எந்தக் கடலிலும் ஒன்றுதான். அந்தப் பயணத்தில் எனக்குப் பெரிதாகப்படுவது இதுதான்: இந்தியக் கரைகளுக்கும் பர்மாவுக்கும் ஓடக் கற்ற கல்வி, எந்தப் புதுப் பள்ளிக்கூடமும் இல்லாமல், உலகத்தின் மறுபக்கம்வரை செல்லுபடியானது.

அவர்கள் போய்ச் சேர்ந்த குளோஸ்டரும் காத்திருப்பதில் பழகிய ஊர். 1623 முதல் அது மீன்பிடித் துறை. கடலில் போய்த் திரும்பாத ஆயிரக்கணக்கானோரின் நினைவாக, சுக்கானைப் பிடித்து நிற்கும் மீனவர் சிலை ஒன்றை 1925இல் அங்கே நிறுவினார்கள். மீனவரின் மனைவிமாருக்கும் 2001இல் ஒரு நினைவுச் சிலை எழுப்பினார்கள்: பிள்ளைகளோடு கடலைப் பார்த்து நிற்கும் பெண். வல்வெட்டித்துறைத் தாய்மாருக்கு அந்தச் சிலையை விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது. கப்பல் சேர்ந்து ஏழு கிழமைகளில், 1938 செப்ரெம்பர் 21ஆம் திகதி, நியூ இங்கிலாந்துக் கரையைப் பெரும் சூறாவளி தாக்கியது. பயணம் அவ்வளவு பிந்தியிருந்தால் கதை வேறாகியிருக்கக்கூடும்.

அதற்குப் பிறகு அப்படியொருவர் கப்பல் வாங்க அந்தக் கரைக்கு வந்ததாக நான் அறியவில்லை.

கப்பல் கட்டிய கைகள் ஓயக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. இயந்திரக் கப்பல் காற்றுக்காகக் காத்திருக்கவில்லை. வியாபாரியும் பிறகு காத்திருக்க விரும்பவில்லை. 1948க்குப் பின் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவே இருந்த கடல் எல்லையாக மாறியது. கடவுச்சீட்டு, இறக்குமதி அனுமதி, சுங்கம் என்று வந்தபின், தலைமுறை தலைமுறையாக ஓடிய வழியிலேயே தோணிக்காரன் சட்டத்துக்குப் புறம்பானவன் ஆனான். சரக்கு இல்லாவிட்டால் புதுக் கப்பல் எதற்கு? புதுக் கப்பல் இல்லாவிட்டால் வளைந்த வேம்பைத் தேடுபவருக்கு என்ன வேலை? மேத்திரிமாரின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனார்கள். பிறகு போர் வந்தது. கடலே தடைசெய்யப்பட்ட இடமானது.

படகுத் தொழில் வடக்கில் முழுதாக நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1950களில் நோர்வேக்குப் போன குருநகர் அன்ரனி இராசேந்திரத்தின் முயற்சியால் சீநோர் நிறுவனம் 1967இல் தொடங்கியது. காரைநகரில் பைபர் கிளாஸ் படகு கட்டினார்கள், குருநகரில் வலை பின்னினார்கள். எத்தனையோ இளைஞர்களுக்கு அது தொழில் கொடுத்தது. இன்று நம் கரையெங்கும் நிற்பவை பைபர் படகுகளே. அவற்றை நான் குறை சொல்லமாட்டேன். பாரம் குறைவு, பராமரிப்புக் குறைவு, அச்சில் வார்த்து விரைவாக எடுக்கலாம். ஆனால் அவை இயந்திரத்தை நம்பிப் பிறந்தவை. பாய் அந்த மாற்றத்தில் கைவிடப்பட்டது. பூநகரிப் பக்கம் ஒரு கடற்றொழிலாளியிடம் பாய் பற்றிக் கேட்டேன். "பாயெண்டால் அது எங்கட அப்புவுக்குத்தான் தெரியும், மாஸ்ரர். எங்களுக்கு மெசின்தான்" என்றார். எரிபொருள் விலை ஏறும்போது கடலுக்குப் போகாமல் கரையில் இருந்துவிடுகிறோம் என்றும் சொன்னார். அவர் அதைச் சொன்னபோது எங்கள் முதுகில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

கேட்பவர் இல்லாவிட்டால் அறிவு போய்விடும். எனக்கு வரவிருக்கும் கயாக்கின் வரலாறும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. வடதுருவத்து இனுயிற் மக்கள், மரம் வளராத நிலத்தில், கடலில் அடித்துவந்த கட்டைகளால் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்துச் செய்த வேட்டைப் படகு அது. ஓட்டுபவரின் உடலளவுக்கே அதைச் செய்தார்கள். 1860களில் ஜோன் மக்கிறெகர் என்ற பிரித்தானியர் அந்த வடிவத்தில் மரப்படகு ஒன்றைக் கட்டுவித்து, சின்னப் பாயும் ஏற்றி, றொப் றோய் என்று பெயரிட்டு ஐரோப்பிய ஆறுகளில் திரிந்தார். பக்கத்தில் மிதவை கட்டும் முறை பசிபிக் தீவுகளிலும் நம் தீவின் தென்மேற்குக் கரை ஒருவா வள்ளங்களிலும் பழையது. மூன்று கடல்களின் அறிவு ஒன்றாகித் தொழிற்சாலை அச்சுக்குள் போய், இப்போது எங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது. அறிவு அழியாமல் இருந்ததற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் "எனக்கு ஒரு படகு கட்டித் தா" என்று கேட்டதுதான்.

இதுதான் நான் கண்டுகொண்டது. ஒரு கைத்தொழிலைக் காப்பாற்ற நூதனசாலை போதாது, நினைவுத்தூபி போதாது. அடுத்த படகுக்காகக் காத்திருக்கும் ஒருவர் வேண்டும். முன்பணம் கொடுத்து, மரம் காயும்வரை பொறுத்து, வங்கு நிறுத்தும் நாளில் போய்ப் பார்க்கும் ஒருவர். அவர் இருக்கும்வரை மேத்திரியாரின் மகன் உளியைக் கீழே வைக்கமாட்டான்.

கயாக் வருவதற்குள் நான் சில வேலைகளை முடித்துவிட்டேன். கயிற்று முடிச்சுகளைப் பழகினேன். உயிர்காப்பு அங்கி வாங்கினேன். சோளகம் தணிந்த காலை வேளைகளில், கரையோரமாக, ஆழம் குறைந்த இடத்தில்தான் தொடங்குவது என்று கடனீரேரியில் தொழில் செய்பவர்களோடு கதைத்து முடிவெடுத்தேன். மகள் தொலைபேசியில் கேட்டாள்: "அப்பா, பயமில்லையே?" "பயம் இருக்கு. ஆனா பகலிலதானே போறன்" என்றேன். அவளுக்கு விளங்கியது.

இன்னொரு வேலையும் தொடங்கியிருக்கிறேன். வல்வெட்டித்துறைப் பிள்ளைகள் இன்றும் தைப்பொங்கலன்று பட்டத் திருவிழாவில் விதவிதமான பட்டங்களை வாடையில் ஏற்றுகிறார்கள். மூங்கிலை எவ்வளவு சீவுவது, நூலை எங்கே கட்டுவது, எந்தக் கோணத்தில் காற்று தூக்கும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். பாய்க்கும் அதே கணக்குத்தான். காற்றறிவு அந்தக் கரையை விட்டுப் போகவில்லை. அதற்கு ஒரு படகு மட்டும்தான் இல்லை. வடமராட்சியில் இன்னமும் மரவள்ளம் பழுதுபார்க்கும் ஒருவரைத் தேடிப் போனேன். பாய் கட்டக்கூடிய சிறு வள்ளம் ஒன்று, இரண்டு பிள்ளைகள் ஏறிப் பழகும் அளவில், வேப்பமரத்தில் கட்டித் தர முடியுமா என்று கேட்டேன்.

அவர் கொஞ்சநேரம் யோசித்தார். "மரம் இப்ப வெட்டினாலும் நல்லாய்க் காயவிட வேணும், மாஸ்ரர். அவசரப்படுத்தக்கூடாது. பொறுப்பியளோ?" என்றார்.

பொறுப்பேன் என்று சொல்லி முன்பணத்தைக் கொடுத்தேன். பிளாஸ்ரிக் கயாக் வந்துவிடும். அதில் நான் பழகிவிடுவேன். நான் பழகியதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க அந்த வள்ளம் வேண்டும். இதை வாசிப்பவர்களில் ஒருவராவது, வெளிநாட்டில் இருந்தாலும் உள்ளூரில் இருந்தாலும், அடுத்த வள்ளத்துக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒருவர் மட்டும் காத்திருந்தால் அது அவருடைய விருப்பம். பத்துப்பேர் காத்திருந்தால் அது ஒரு தொழில்.