தவறிக் கிடைத்த இரண்டு மருந்துகள்

முதலிபாளையத்தில் யாருக்கு முடி கொட்டினாலும் பழி தண்ணி மேல்தான். "போர் தண்ணிய தலைக்கு ஊத்தாத சாமி" என்று அம்மா எனக்கு இன்னும் சொல்கிறார். சாயக் கழிவால் நொய்யல் கெட்டது உண்மை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் உண்மை. ஆனால் பட்டறைகள் பெருகுவதற்கு முன்பு எடுத்த தாத்தாவின் படத்திலேயே நெற்றி உச்சிவரை ஏறியிருக்கிறது. எனக்கும் முப்பத்திரண்டில் அதே வழி.

1942-லேயே ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் இந்த முடிச்சைப் பாதி அவிழ்த்துவிட்டார். பருவத்துக்கு முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால், வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு விழுகிறது. ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும். இவ்வளவு தெரிந்தும் மருந்து வர இன்னும் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆனது. வந்த இரண்டுமே முடியைத் தேடிப் போய்க் கிடைத்தவை அல்ல.

மினாக்ஸிடில், அப்ஜான் நிறுவனத்தின் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கன்னத்திலும் கையிலும் முடி முளைத்தது. 1979-ல் மாத்திரையாக அனுமதி பெற்றது, 1988-ல் தலையில் தடவும் மருந்தானது. எங்கள் தொழிலில் சொன்னால், பக் ஒன்றையே ஃபீச்சராக விற்றார்கள். அது முடியை எப்படி வளர்க்கிறது என்பது இன்றுவரை முழுசாகப் பிடிபடவில்லை. தோலில் ஒரு நொதி அதை மாற்றித் தந்தால்தான் வேலை செய்யும். அந்த நொதி குறைவாக உள்ளவருக்குத் தடவியும் பெரிய பலனில்லை.

ஃபினாஸ்டிரைடின் கதை டொமினிகன் குடியரசின் ஒரு கிராமத்தில் தொடங்குகிறது. பெண்ணென்று வளர்க்கப்பட்ட சில குழந்தைகள் பருவத்தில் ஆணாக மாறினார்கள். டெஸ்டோஸ்டிரோனை டிஹெச்டி ஆக்கும் நொதி அவர்களிடம் குறைவு என்று ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லியின் குழு 1974-ல் எழுதியது. அவர்களுக்குப் புராஸ்டேட் சின்னதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. மெர்க் நிறுவனம் முதலில் கண்டது புராஸ்டேட்டைத்தான். 1992-ல் அதற்கு மருந்து, 1997-ல் அதையே ஒரு மில்லிகிராமாக்கி முடிக்கு.

அதன்பின் ஏன் இவ்வளவு மந்தம்? டெஸ்ட் செய்ய ஆள் இல்லை என்பது என் கணிப்பு. இளம் எலியின் முடி அலையலையாக, சேர்ந்தே வளர்ந்து சேர்ந்தே ஓயும். நம் தலையில் ஒவ்வொரு முடிக்கும் தனிக் கடிகாரம், ஒரு வளர்ச்சிக் காலமே பல வருஷம். ஆகவே சோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். செல்லை வளர்த்துப் பார்க்கலாமென்றால் அதிலும் வம்பு. மயிர்க்காலின் அடியில் இருக்கும் பாப்பில்லா செல்களைத் தட்டில் வளர்த்து, எலியில் முடி முளைக்கவைத்தது ஜஹோடாவின் குழு, 1984-ல். மனிதச் செல்லோ தட்டில் போட்டதும் தன் வேலையை மறந்துவிடுகிறது. 2013-ல் அவற்றைத் தலைகீழாகத் தொங்கும் துளிகளில் உருண்டையாக வளர்த்தபோதுதான் கொஞ்சம் ஞாபகம் திரும்பியது!

இதற்கெல்லாம் மேல், வழுக்கை யாரையும் கொல்வதில்லை. புற்றுநோய் மருந்தில் பொறுத்துக்கொள்ளும் பக்கவிளைவை இதில் யார் பொறுப்பார்கள்? ஃபினாஸ்டிரைடு சிலருக்குப் பாலுறவு நாட்டத்தைக் குறைக்கிறது. பொண்ணு பார்க்கப் போக முடி வேண்டுமென்று மாத்திரை வாங்கப்போனவன், அந்தத் தாளைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இப்போது மினாக்ஸிடில் தடவுகிறேன். மூன்றாவது மாதம். நிறுத்தினால் முளைத்ததும் கொட்டிவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன், தாத்தா படத்தையும் காட்டினேன். "இருக்கட்டும்" என்றவர், என் தலைக்கென்று நல்ல தண்ணி ஒரு குடம் தனியாகப் பிடித்து வைத்திருக்கிறார்.