தசைகளுக்கான காந்தத் தூண்டல் சிகிச்சை

காந்தப்புலத்தின் உதவியால் தசைகளைச் சுருங்கி விரியச் செய்து, அவற்றின் வலிமையைக் கூட்டும் முறை காந்தத் தூண்டல் சிகிச்சை எனப்படும். இதற்கு ஊசியோ மயக்க மருந்தோ தோலில் ஒட்டும் மின்முனைகளோ தேவையில்லை. உடுத்திய உடையுடனேயே சிகிச்சை பெறலாம். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிபவர்களுக்கு இது பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. வயிறு, தொடை ஆகிய பகுதிகளின் தசைகளை இறுக்கமாக்குவதற்காகவும் அழகியல் மருத்துவ நிலையங்கள் இதனை வழங்குகின்றன.

இச்சிகிச்சை எவ்வாறு செயல்படுகிறது, யாருக்குப் பயன்படும், யார் தவிர்க்க வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

எவ்வாறு செயல்படுகிறது?

மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்தார். சிகிச்சைக் கருவியில் உள்ள கம்பிச்சுருளின் வழியே வலிமையான மின்னோட்டம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரம் பாய்கிறது. அப்போது எழும் காந்தத் துடிப்பு உடை, தோல், கொழுப்பு, எலும்பு ஆகியவற்றைக் கடந்து உள்ளே சென்று, அங்குள்ள இயக்க நரம்புகளில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. நரம்பு தூண்டப்பட்டதும் அதனுடன் இணைந்த தசை தானாகவே சுருங்குகிறது.

துடிப்பின் உச்ச வலிமை பொதுவாக 1 முதல் 2 டெஸ்லா வரை இருக்கும். எம்.ஆர்.ஐ. கருவிகளின் காந்தப்புலமும் ஏறத்தாழ இதே அளவினதே. ஆனால் எம்.ஆர்.ஐ. கருவியின் முதன்மைக் காந்தப்புலம் மாறாதது; இங்கோ அது கண நேரத்தில் எழுந்து அடங்குகிறது. கம்பிச்சுருளிலிருந்து விலகிச் செல்லச் செல்லப் புலத்தின் வலிமை விரைவாகக் குறையும். ஆகையால் அதன் தாக்கம் சில சென்டிமீட்டர் ஆழத்திற்கு மட்டுமே எட்டும்.

வலி ஏன் குறைவு?

மின்தூண்டல் சிகிச்சையில் மின்னோட்டம் தோலின் வழியாகவே உள்ளே செல்ல வேண்டும். தோலில் வலியை உணரும் நரம்பு நுனிகள் நிறைந்திருப்பதால் எரிச்சலும் குத்தலும் ஏற்படுகின்றன. காந்தத் துடிப்பு தோலை எளிதில் கடந்துவிடுவதால் இந்த உணர்வு மிகக் குறைவு. எனினும் தசை வலிந்து சுருங்குவதை நீங்கள் தெளிவாக உணர்வீர்கள்.

இச்சிகிச்சை நரம்பின் வழியாகவே தசையை இயக்குகிறது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். நரம்பு முழுமையாக அறுந்துபோன தசையில் இதனால் பயன் கிடைப்பது அரிது.

சிறுநீர்க் கசிவுக்கான சிகிச்சை

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். மகப்பேறு, மாதவிடாய் நிறைவு, உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல் ஆகியவற்றால் இவை தளர்கின்றன. ஆண்களுக்குப் புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின் கசிவு ஏற்படலாம். “வயதானால் இப்படித்தான்” என்று பலர் இதனை ஆண்டுக்கணக்கில் மறைத்து வைக்கின்றனர். வெளியூர்ப் பயணத்தையும் திருமண விழாக்களையும் தவிர்க்கின்றனர். இது வெட்கப்பட வேண்டிய குறையன்று. சிகிச்சையால் பெரும்பாலும் மேம்படுத்தக்கூடிய நிலையே.

முதலில் மேற்கொள்ள வேண்டியது இடுப்புத்தளத் தசைப் பயிற்சியாகும். காற்று வெளியேறாமல் அடக்குவதுபோல் அத்தசைகளை இறுக்கி, சில நொடிகள் நிறுத்தி, பின் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 8 முறையேனும், நாள்தோறும் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதங்கள் செய்ய வேண்டும். சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது இப்பயிற்சியைச் செய்யாதீர்கள்.

எந்தத் தசையை இறுக்குவது என்பதே சிலருக்குப் புலப்படுவதில்லை. முதுமை, உடல்வலுவின்மை காரணமாகச் சிலரால் பயிற்சியைத் தொடர முடிவதில்லை. இத்தகையோருக்குக் காந்த நாற்காலி உதவலாம். நாற்காலியின் இருக்கைக்கு அடியில் கம்பிச்சுருள் பொருத்தப்பட்டிருக்கும். வழக்கமாக ஓர் அமர்வு ஏறத்தாழ 20 நிமிடங்கள் நீடிக்கும்; வாரம் இரு முறை வீதம் எட்டு வாரங்கள் அளிக்கப்படும். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இத்தகைய நாற்காலிக்கு 1998ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது.

மலேசியாவில் 120 பெண்களிடம் நடத்தப்பட்டு 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், உண்மையான சிகிச்சை பெற்றவர்களுள் 75 விழுக்காட்டினருக்கும், தசையைத் தூண்டாத போலிச் சிகிச்சை பெற்றவர்களுள் ஏறத்தாழ 22 விழுக்காட்டினருக்கும் முன்னேற்றம் காணப்பட்டது. இது நம்பிக்கை தரும் முடிவே. ஆயினும் எல்லா ஆய்வுகளும் ஒரே அளவு பயனைக் காட்டவில்லை. சிகிச்சை முடிந்த பின்னும் பயிற்சியைத் தொடர்வது நல்லது.

வயிறு, தொடைத் தசைகளை இறுக்கமாக்குதல்

வயிற்றுத் தசைகளை வலுப்படுத்தும் காந்தக் கருவிக்கு அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டில் ஒப்புதல் கிடைத்தது. பெரும்பாலும் 30 நிமிடங்கள் கொண்ட நான்கு அமர்வுகள் சில நாள்கள் இடைவெளியில் வழங்கப்படுகின்றன. இது உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சையன்று. நடைப்பயிற்சி இதயத்திற்கும் இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டிற்கும் தரும் நன்மைகளுக்கு இது மாற்றாகாது. உடற்பயிற்சியால் வலுப்பெற்ற தசையைப் போலவே, இதனால் வலுப்பெற்ற தசையும் பயன்படுத்தாவிடில் மீண்டும் தளரும். பெருந்தொகை செலுத்துவதற்கு முன் இவற்றைக் கருத்திற்கொள்ளுங்கள்.

காந்த வளையல், காந்தப் படுக்கை

கடைகளில் விற்கப்படும் காந்த வளையல், இடுப்புப் பட்டை, படுக்கை ஆகியவற்றில் உள்ளவை நிலைக்காந்தங்கள். அவற்றின் புலம் மாறுவதில்லை, அதனால் நரம்பைத் தூண்டும் மின்னோட்டம் உண்டாவதில்லை, தசையும் சுருங்காது. அவற்றை இச்சிகிச்சையுடன் ஒப்பிட வேண்டாம்.

யார் தவிர்க்க வேண்டும்?

• பேஸ்மேக்கர் முதலிய இதயக் கருவிகள், காக்ளியர் செவிக்கருவி, இன்சுலின் பம்ப் ஆகிய மின்னணுக் கருவிகள் பொருத்தப்பட்டவர்கள்
• சிகிச்சை பெறும் பகுதியிலோ அதற்கு அருகிலோ உலோகத் தகடு, திருகு, செயற்கை மூட்டு உள்ளவர்கள்
• கர்ப்பிணிகள்
• வலிப்பு நோய் உள்ளவர்கள்
• சிகிச்சைப் பகுதியில் புற்றுநோய், தொற்று, இரத்தக்கசிவு அல்லது அண்மையில் செய்த அறுவை சிகிச்சைக் காயம் உள்ளவர்கள்

காப்பர் டி பொருத்தியிருந்தாலோ இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொண்டாலோ மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். உடன் வரும் பராமரிப்பாளருக்குப் பேஸ்மேக்கர் இருந்தால், அவர் சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருக்க வேண்டும்.

சிகிச்சை நாளில்

• நகை, கைக்கடிகாரம், அரைஞாண், இடுப்புவார், சாவி, கைப்பேசி, வங்கி அட்டை, காது கேட்கும் கருவி ஆகியவற்றை அகற்றி வையுங்கள். உலோகம் சூடேறலாம், மின்னணுப் பொருள்கள் பழுதாகலாம்.
• அமர்வதற்கு முன் சிறுநீர் கழித்துவிடுங்கள்.
• கருவியிலிருந்து தட்டுவதுபோன்ற ஒலி எழும், அஞ்ச வேண்டாம்.
• வலிமை குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்படும். வலியோ சூடோ உணர்ந்தால் உடனே சொல்லுங்கள். பேச இயலாத முதியவராயின், பராமரிப்பாளர் அவரது முகக்குறிப்பைக் கவனிக்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள்கள், கடும் உடற்பயிற்சி செய்ததுபோன்ற தசைவலி இருக்கலாம். அது பொதுவாகத் தானாகவே தணியும்.

மருத்துவரை உடனே அணுக வேண்டிய நிலைகள்

• சிறுநீரில் இரத்தம்
• காய்ச்சலுடன் சிறுநீர் எரிச்சல்
• சிறுநீர் கழிக்கவே இயலாமை
• பிறப்புறுப்பு வழியாக ஏதோ இறங்குவதுபோன்ற உணர்வு
• திடீரெனக் கால்கள் வலுவிழத்தல், தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போதல், அவற்றுடன் சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றி வெளியேறுதல். இது தண்டுவட நரம்புகள் அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். தாமதமின்றி அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கசிவின் காரணத்தை அறியாமல் காந்தத் தூண்டல் சிகிச்சையைத் தொடங்க வேண்டாம். சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தச் சர்க்கரை அளவு, இடுப்புப் பகுதிப் பரிசோதனை ஆகியவற்றின் பின்னர், உங்களுக்கு ஏற்ற முறையை மகளிர் நல மருத்துவர், சிறுநீரகவியல் மருத்துவர் அல்லது பிசியோதெரபி மருத்துவரிடம் கலந்து முடிவு செய்யுங்கள்.