கொக்கியை விட்டுப் பறந்த விசிறி



லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் பூச்சரமும் வாங்கிக்கொண்டு, வியர்வை வழிய வீடு திரும்பும் நாம் முதலில் நாடுவது கூரையில் சுழலும் மின்விசிறியைத்தான். அது காற்றைக் கீழே தள்ளுகிறது. தள்ளப்பட்ட காற்று விசிறியை மேலே உந்துகிறது. விசிறி கனத்துக் கொக்கியில் தொங்குவதால் அவ்வுந்துதல் நமக்குப் புலப்படுவதில்லை. கொக்கியை விட்டுப் பறக்கத் துணிந்த விசிறியின் வரலாற்றை இன்று காண்போம்.

1865 ஆம் ஆண்டில் ராங்கின் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் கப்பற் சுழலியை ஆராய்ந்து ஒரு கணக்கை வகுத்தார். 1889 இல் ஃப்ரூட் என்பார் அதனை வளர்த்தார். அகன்ற வட்டத்தில் மிகுந்த காற்றை மெல்லத் தள்ளினால் ஆற்றற் செலவு குறையும். குறுகிய வட்டத்தில் சிறிதளவு காற்றை விரைந்து தள்ளினால் செலவு மிகும். இதுவே அக்கணக்கின் சாரம்.

1907 இல் பிரெஞ்சு நாட்டின் பிரெகே சகோதரர்கள், பேராசிரியர் ஷார்ல் ரிஷேயின் துணையுடன், நான்கு சுழலிகள் கொண்ட பொறியொன்றை அமைத்தனர். அது ஓர் ஆளைச் சுமந்து மண்ணை விட்டு எழுந்தது. ஆயினும், சாயாமல் இருக்க நால்வர் அதனைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது! 1924 இல் ஏமிஷன் என்பாரின் நாற்சுழலிப் பொறி ஒரு கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் பறந்து காட்டியது.

நின்ற நிலையில் பொருந்தும் கணக்கு, முன்னேறிப் பறக்கையில் அப்படியே பொருந்துவதில்லை. எதிர்க்காற்றை நோக்கி வரும் இதழ் மிகுந்த தூக்குவிசை பெறுகிறது. பின்வாங்கும் இதழோ குறைவாகவே பெறுகிறது. மிதமான வேகத்தில் புதுக்காற்று வந்து உதவுவதால் செலவு குறைகிறது; வேகம் மிகுந்தால் காற்றின் தடை மீண்டும் செலவை உயர்த்துகிறது. செங்குத்தாக விரைந்து இறங்கினாலோ, தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே சுழலி சிக்கித் தத்தளிக்கும். முன்னேறும் பறப்புக்கான கணக்கை 1926 இல் கிளாவர்ட் என்னும் அறிஞர் விரித்துரைத்தார். அன்று நால்வர் கைகள் செய்த வேலையை இன்று ஒரு சிறு கணினி செய்கிறது. நொடிக்குப் பன்னூறு முறை சாய்வை அளந்து, ஒவ்வொரு சுழலியின் வேகத்தையும் அது திருத்துகிறது.

இவ்வரலாற்றில் நம் நாட்டவருக்கும் பங்குண்டு. 1949 இல் தோன்றிய குரோம்பேட்டை எம்.ஐ.டி., அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்ற இடம். அங்கிருந்து சென்ற தக்ஷா அணி, 2018 இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடைபெற்ற ஆளில்லா வானூர்திப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. கடும் ஒவ்வாமை அதிர்ச்சிக்கு ஆளானவனாகக் கற்பிக்கப்பட்ட ஒருவனுக்கு ஊசிமருந்து கொண்டுசேர்ப்பதே அங்கு இட்ட பணி. அந்த அதிர்ச்சியை ஆராய்ந்து 1913 இல் நோபெல் பரிசு பெற்றவர் யார்? பிரெகே சகோதரர்களுக்குத் துணைநின்ற அதே ரிஷேதான்!

மின்கலம் தரும் ஆற்றலோ சிறிது. பறக்கும் நேரமும் அதற்கேற்பக் குறுகியதே. சுழலிக் கணக்கு பிசகினால் மருந்து பாதிவழியில் நின்றுவிடும். முதிய பெற்றோரைத் தொலைவில் விட்டு வந்து வாழும் நமக்கு, அக்கணக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று, உயிர்காக்கும் கணக்கு.