கேம்ஷாஃப்ட் மாற்றும் முன்: உங்கள் கார் ஓடுவது எந்தச் சாலையில்?

பாலோ, குளுவாங் வட்டாரத்தில் பழைய புரோட்டோன் கார் ஒன்று கைக்கு வந்ததும், இளைஞர்கள் பலருக்கு முதலில் வரும் ஆசை இஞ்சின் சக்தியைக் கூட்டுவது. அதற்கு 'கேம் மாற்றினால் போதும்' என்பார்கள். ஆனால் தவறான கேம்ஷாஃப்டைப் போட்டால், செலவழித்த பின்னும் கார் முன்பைவிட மந்தமாக ஓடக்கூடும். பொருத்துவதில் பிழை நேர்ந்தால் இஞ்சினே போய்விடும்.

கேம்ஷாஃப்டின் வேலை என்ன?

வால்வுகளை எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் திறப்பது என்பதைத் தீர்மானிப்பது இதுதான். கிராங்க்ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றும்போது இது ஒரு முறை சுற்றும். வால்வு திறக்கும் உயரம் 'லிஃப்ட்'. திறந்திருக்கும் காலம் 'டியூரேஷன்'. இதைப் பாகையில் சொல்வார்கள். உள்வால்வும் வெளிவால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் பகுதி 'ஓவர்லேப்'.

டியூரேஷன் கூடினால் உள்வால்வு தாமதமாக மூடும். அதிவேகச் சுழற்சியில் இதனால் காற்று கூடுதலாக உள்ளே போகும், குதிரைத்திறன் உயரும். குறைந்த சுழற்சியிலோ, உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்ப வெளியே தள்ளப்படும், இழுவை குறையும். மேலே கிடைப்பதற்குக் கீழே விலை கொடுக்க வேண்டும்.

கேம்புரோ கற்றுத்தந்த பாடம்

2004-இல் புரோட்டோன் ஜென்-2 காரில் வந்த 1.6 லிட்டர் கேம்புரோ இஞ்சினுக்கு 6,000 சுழற்சியில் 110 குதிரைத்திறன். ஆனால் நடுத்தர வேகத்தில் இழுவை தொய்வதாகப் பலரும் குறைப்பட்டார்கள். அடுத்து வந்த சிபிஎஸ் வகையில், குறைந்த சுழற்சிக்கு ஒரு கேம் வடிவமும் அதிக சுழற்சிக்கு வேறொன்றும் தரப்பட்டன. சக்தி 125 ஆக உயர்ந்தது. ஒரே கேம் வடிவத்தால் எல்லா வேகத்துக்கும் ஈடுகொடுக்க முடியாது என்பதற்கு நம் நாட்டுக் காரே சாட்சி.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தோட்டத்துச் செம்மண் சாலை, மேட்டு ஏற்றம், குளுவாங் மருத்துவமனைக்கு அம்மாவை ஏற்றிச் செல்வது: இவற்றுக்குக் கம்பெனி கேமே போதும், மிஞ்சினால் 256 பாகை. கொஞ்சம் விறுவிறுப்பு வேண்டுமென்றால் 264. ஐடலிங் லேசாக நடுங்கும். 272-ஐத் தாண்டினால் கீழ்வேகத்தில் சோர்வு தெரியும். 288 போன்றவை சிப்பாங் போன்ற பந்தயத் தடங்களுக்கு உரியவை. பாகையை அளக்கும் முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். எந்த லிஃப்டில் அளந்தது என்று கேட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஆட்டோ கியர் காரில் பெரிய கேம் இன்னும் தொல்லை தரும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

• வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி போதுமா? மோதினால் வால்வு வளையும், பிஸ்டன் உடையும்.
• உயர்ந்த லிஃப்டுக்கு ஏற்ற வால்வு ஸ்பிரிங் உள்ளதா? பலவீனமான ஸ்பிரிங் அதிவேகத்தில் வால்வைக் கட்டுப்படுத்தாது.
• டைமிங் பெல்ட்டையும் சேர்த்து மாற்றுகிறார்களா?
• எரிபொருளும் தீப்பொறியும் புதிய கேமுக்கு ஏற்பத் திருத்தப்படுமா?
• பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் போதுமா? பெரிய ஓவர்லேப் அதைக் குறைக்கும். பிரேக் மிதி கடினமாகும்.

வாங்குவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்பதில் பயனில்லை.

ஒரு வாரம் டாக்கோமீட்டரைக் கவனித்துப் பாருங்கள். முள் பெரும்பாலும் 2,000-க்கும் 4,000-க்கும் இடையே நின்றால், 6,000-இல் சக்தி தரும் கேம் உங்களுக்கு எதற்கு? அந்தப் பணத்தில் நல்ல டயரும் பிரேக்கும் போடலாம்.